கோவைக்கு ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம்: சாவி யார் கையில்?

சேப்பாக்கத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் இன்னொரு சர்வதேச கிரிக்கெட் அரங்கம். அது கோவையில் வரப்போகிறது என்றதும் ஊர் மகிழ்ந்தது. கூடவே தயங்கவும் செய்தது. மகிழ்ச்சி, தயக்கம் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நாட்கள். கோவையில் சர்வதேசத் தரத்தில் ஒரு கிரிக்கெட் அரங்கம் அமைப்போம் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தேர்தல் முடிந்தது. மாநகரின் கிழக்கே, ஒண்டிப்புதூரில், திறந்தவெளிச் சிறைக்குச் சொந்தமான நிலத்தில் 20 ஏக்கருக்குச் சற்று கூடுதலான இடம் இதற்காகப் பார்க்கப்பட்டது. அமைச்சர்கள் வந்து பார்வையிட்டார்கள். திட்ட அறிக்கைக்கான வேலைகள் தொடங்கின.

அன்றிலிருந்து இந்த ஊரில் நாலு பேர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிபடாமல் இருப்பதில்லை. பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதும் இல்லை. ஒரே ஆள்தான் முதலில் ஆசையைச் சொல்வார், அடுத்து கவலையைச் சொல்வார். ஸ்டேடியம் வந்தால் ஊருக்குப் பெருமை என்பவரே, அந்தப் பக்கம் போக்குவரத்து என்னவாகும் என்றும் கேட்பார். பையன் அங்கே போய் விளையாட முடியுமா என்று கேட்கும் தாய், உள்ளேயே விடமாட்டார்கள் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். இந்தக் கலவையான மனநிலையை வெறும் குழப்பம் என்று தள்ளிவிடக் கூடாது. ஊர் தன் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறது.

ஆசைக்குக் காரணம் உண்டு

கோவையிலிருந்து சேப்பாக்கம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இந்தியா ஆடும் ஒரு போட்டியை நேரில் பார்க்க விரும்பும் கோவை இளைஞர் முந்தைய இரவே சேரன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். டிக்கெட்டுக்கு ஆன செலவைவிடப் போய்வரும் செலவு அதிகமாகிவிடும். குடும்பத்தோடு போவது பலருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். தமிழ்நாட்டின் கிரிக்கெட் பெருமை எல்லாம் ஒரே நகரத்தின் ஒரே மைதானத்தில் குவிந்திருப்பது மேற்கு மாவட்டங்களுக்கு நெடுநாள் குறை.

ஆனால் ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன் இந்திய அணிவரை போனார். போனவர் ஊரை மறக்கவில்லை. சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. தமிழ்நாடு பிரீமியர் லீகில் கோவை கிங்ஸ் 2022இல் சேப்பாக்கம் அணியோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. 2023இல் தனியாகவே வென்றது. கோவையில் நடக்கும் டி.என்.பி.எல். ஆட்டங்கள் ஒரு கல்லூரி மைதானத்தில்தான் நடக்கின்றன. அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்த ஊருக்கு ஒரு பெரிய அரங்கம் தகாது என்று சொல்ல மாட்டார்கள்.

தொழிலில், மருத்துவத்தில், கல்வியில் தன் கையை நம்பி வளர்ந்த ஊர் இது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இங்கிருந்துதான் போனார். செட்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தனியார் முயற்சியில் உருவானது. அப்படிப்பட்ட ஊருக்கு அரசே ஒரு பெரிய அரங்கத்தைத் தர முன்வருகிறது என்றால் மனம் மலர்வது இயல்பு. அந்த மலர்ச்சியைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு

இருந்தும் ஊர் ஏன் தயங்குகிறது? முதல் காரணம், காத்திருந்து பழகிய அனுபவம். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, காந்திபுரம் மத்திய சிறை வளாகத்தில் செம்மொழிப் பூங்கா அமையும் என்று சொன்னார்கள். பூங்கா திறக்கப்பட்டது 2025 நவம்பரில். இடையில் 15 ஆண்டுகள். அந்த அறிவிப்பைக் கேட்டபோது பள்ளியில் சேர்ந்த குழந்தை பள்ளியை முடித்துக் கல்லூரியும் போய்விட்டது. மெட்ரோ ரயில் திட்டமோ, மக்கள்தொகை போதவில்லை என்ற காரணத்தோடு மத்திய அரசிடமிருந்து அதே நவம்பரில் திரும்பி வந்தது. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும், அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே எத்தனை காலம் ஓடும் என்பது இந்த ஊருக்கு அனுபவப் பாடம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கோவைக்கு ஏற்கெனவே ஒருமுறை பெரிய விளையாட்டு வந்து, போயும்விட்டது. 2019 மார்ச் 9. வ.உ.சி. பூங்காவுக்கு அருகே உள்ள நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வீழ்த்தி, சென்னை சிட்டி எஃப்.சி. அணி ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. அணியின் பெயரில் சென்னை இருந்தாலும் கேலரியில் நின்று தொண்டை வற்றக் கத்தியது கோவைதான். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெத்ரோ மான்சியின் பெயரை இங்கே சின்னப் பையன்கள்கூடச் சொன்னார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த அணியே தேசியப் போட்டிகளில் இல்லாமல் போனது. கோப்பை கிடைத்த ஊருக்கு அந்த அணியால் நிலையாக மிஞ்சியது என்ன? ஒரு கால்பந்துப் பள்ளியா, வார்டுக்கு ஒரு பயிற்சியாளரா, ஆண்டுதோறும் நடக்கும் சிறுவர் போட்டியா? நினைவுகள் மட்டுமே மிஞ்சின. அணி ஊருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஊரோடு எந்த உடன்படிக்கையும் இல்லாததால், போகும்போது ஊரிடம் கேட்கவும் தேவைப்படவில்லை. ஒண்டிப்புதூர் அரங்கம் பற்றிய பேச்சில் மறக்கக் கூடாத பாடம் இது.

எத்தனை நாள் ஆட்டம்?

அரங்கம் வந்தால் வியாபாரம் பெருகும், ஓட்டல் நிறையும், வேலை கிடைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். இதைப் பக்கத்து மாநிலத்தில் பார்த்துவிட்டு வரலாம்.

திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 50,000 பேர் அமரலாம். அழகான அரங்கம். அங்கே ஆடவர் சர்வதேசக் கிரிக்கெட் 2017 நவம்பரில் வந்தது. அப்போதிலிருந்து 2023 நவம்பர் வரை ஆறு ஆண்டுகளில் நடந்த ஆடவர் சர்வதேசப் போட்டிகள் ஆறுதான். 2023 ஜனவரியில் இலங்கையை இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்று ஒருநாள் போட்டிகளில் உலக சாதனை படைத்ததும் அங்கேதான். ஆனால் அன்று பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் காலி. டிக்கெட் விலையும் அதன் மேல் போட்ட வரியும் பெரும் சர்ச்சையாகின. அதே ஆண்டு இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையின் பத்து மைதானங்களில் திருவனந்தபுரம் இல்லை. பயிற்சி ஆட்டங்கள் மட்டுமே கிடைத்தன. மொஹாலி, நாக்பூர், இந்தூர் போன்ற பழைய மைதானங்களுக்கும் இடம் கிடைக்கவில்லை.

ராய்ப்பூரின் கதை இன்னும் நீளம். 2008இல் கட்டிய அந்த அரங்கத்துக்கு முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி வந்தது 2023 ஜனவரியில். பதினைந்து ஆண்டுகள். நடுவில் சில ஐ.பி.எல். ஆட்டங்கள் நடந்தன.

ஐ.பி.எல். பற்றியும் பேச வேண்டும். ஓர் அணிக்கு லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டங்கள்தான். ராஜஸ்தான் அணி குவஹாத்தியிலும், பஞ்சாப் அணி தர்மசாலாவிலும், டெல்லி அணி விசாகப்பட்டினத்திலும் சில ஆட்டங்களை ஆடியதுபோல, சென்னை அணி இரண்டை ஒண்டிப்புதூருக்குத் தந்தால் அதுவே பெரிது. ஆண்டுக்கு ஒரு சர்வதேச ஆட்டம், ஓரிரு ரஞ்சி ஆட்டங்கள், சில டி.என்.பி.எல். ஆட்டங்கள் என்று தாராளமாகவே கூட்டிப் பார்த்தாலும் இருபது, இருபத்தைந்து நாட்களைத் தாண்டாது. அதில் அரங்கம் நிறைந்து வழியும் நாட்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். வருஷத்துக்கு ஐந்து முகூர்த்தம் மட்டுமே வரும் என்று தெரிந்தால், எந்தக் கோவைத் தொழிலதிபரும் சொந்தக் காசில் கல்யாண மண்டபம் கட்ட மாட்டார்.

ஊருக்கு வருமானம் வரும் என்ற நம்பிக்கையையும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1997இல் ஒரு நூலைத் தொகுத்தார்கள். அரங்கங்களுக்கு அரசு கொட்டும் பணம் உள்ளூர் வளர்ச்சியாகத் திரும்புவதில்லை என்பதே அதன் முடிவு. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. காரணம் எளிது. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செலவாகும் குடும்பப் பணம்தான் அன்று மேட்சுக்குப் போகிறது. ஊரில் புதிதாகப் பணம் முளைப்பதில்லை, ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு இடம் மாறுகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்தின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. அரங்கம் கட்டிய காலத்தில் பிறந்த பிள்ளை முப்பது வயதை எட்டும்வரை அந்த ஊர் கடன் கட்டியது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பூங்காவையும் நூலகத்தையும் லாபம் பார்த்தா கட்டுகிறோம்? கூடிக் களிக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் மக்கள் தேவைதான். ஆனால் லாபம் வரும் என்று சொல்லிக் கட்டக் கூடாது. மக்களுக்காகக் கட்டுகிறோம் என்று சொல்லிக் கட்ட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால், மக்கள் உள்ளே வர வழியும் வைத்தாக வேண்டும்.

மண்ணும் தண்ணீரும் சாலையும்

திறந்தவெளிச் சிறை என்பது நன்னடத்தையுள்ள கைதிகள் மதிலின் இறுக்கமில்லாமல் விவசாய வேலை பார்த்துத் திருந்தி வாழப் பழகும் இடம். அந்த நிலத்தை எடுப்பதற்கு முன், அந்த வாய்ப்பு வேறெங்கே, எவ்வளவு பரப்பில் தொடரும் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். கைதிகளுக்காகக் குரல் கொடுக்க ஊர்வலம் எதுவும் வராது. அதனாலேயே இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டடங்கள் நெருங்கிவிட்ட கிழக்குக் கோவையில் மழைநீரை உள்வாங்கும் வெற்று நிலமும் குறைந்துகொண்டே வருகிறது. கேலரிக்கும் பார்க்கிங்குக்கும் காங்கிரீட் போட்டு மூடும் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஈடாக, அந்த வளாகத்துக்குள்ளேயே நீர் இறங்க வழி செய்ய வேண்டும்.

கிரிக்கெட் மைதானத்துக்குத் தண்ணீர் நிறையத் தேவை. சர்வதேசத் தரத்துப் புல்தரை என்பது அடியில் வடிகால் குழாய், அதன் மேல் சல்லி, அதற்கும் மேல் மணல், மேலே புல் என்று அடுக்கடுக்காக அமைவது. பெய்யும் மழை சீக்கிரம் வடிந்துவிடும். அதனாலேயே வெயில் காலத்தில் விடாமல் நீர் பாய்ச்ச வேண்டும். 2016இல் மகாராஷ்டிரம் வறட்சியில் தவித்தபோது, குடிக்கத் தண்ணீர் இல்லாத மாநிலத்தில் பிட்ச்சுக்கு நீர் பாய்ச்சலாமா என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கேட்டது. ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றச் சொன்னது. சிறுவாணியும் பில்லூரும் கைகொடுக்காத கோடையில் குடம் தூக்கி அலைந்த கோவைக்கு அந்தக் கேள்வியின் வலி புரியும்.

இதற்கு விடை தொலைவில் இல்லை. ஒண்டிப்புதூரிலேயே மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 2024இல் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது சின்னசாமி ஸ்டேடியம் சுத்திகரித்த நீரைக் கொண்டுதான் ஆட்டங்களை நடத்தியது. குடிநீரில் ஒரு சொட்டும் இந்தப் புல்லுக்குப் போகாது என்ற விதியை முதல் நாளிலேயே எழுதி வைப்பது இங்கே எளிது. எழுதி வைக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சாலை. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு அந்தப் பக்கம் மூச்சு வந்திருக்கிறது. ஆனால் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பகுதியில் திருச்சி சாலை சாதாரண மாலையிலேயே திணறுகிறது. இரவு ஆட்டம் முடிந்து முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால்? 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் உயிரிழந்தார்கள். மைதானத்துக்குள் ஆட்டம்கூட நடக்கவில்லை, வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டம் அது. அரங்கத்தின் அழகைவிட வாசல்களின் அகலமும் அவற்றுக்குப் போகும் தெருக்களின் அகலமும் முக்கியம் என்பதை அந்த உயிர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. சிங்காநல்லூர், இருகூர் ரயில் நிலையங்களும் சிங்காநல்லூர் பேருந்து நிலையமும் அருகே இருப்பது நல்வாய்ப்பு. ஆட்ட நாளில் சொந்த வண்டி இல்லாமலே வந்துபோக முடியும் என்ற ஏற்பாட்டை வரைபடத்திலேயே காட்ட வேண்டும்.

ஏற்கெனவே விளையாடும் ஊர்

நேரு ஸ்டேடியத்துக்குக் காலையில் போனால் ஓட்டப் பயிற்சி செய்யும் மாணவிகள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் என்று ஊரே அங்கிருக்கும். அது பளபளப்பான அரங்கம் அல்ல. ஆனால் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கும் அரங்கம். அருகிலேயே மாநகராட்சி கூடைப்பந்து மைதானத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்காக நாட்டின் பெரிய அணிகள் வந்து மோதுகின்றன. பி.எஸ்.ஜி. கோப்பைக்கான கூடைப்பந்துப் போட்டி இந்த ஊரின் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. கோவை கூடைப்பந்து ஊர், ஓட்டக்காரர்களின் ஊர், கால்பந்துக்காகக் கத்திய ஊர்.

எனவே புதிய கிரிக்கெட் அரங்கத்துக்குப் பணம் போகும்போது பழைய மைதானங்கள் பட்டினி கிடக்குமோ என்ற பயம் நியாயமானது. 2018இல் கொச்சியில் இதைப் பார்த்தோம். கால்பந்துக்காகச் சீராக்கிய புல்தரையில் கிரிக்கெட் போட்டி நடத்த முயன்றார்கள். கால்பந்து வீரர்களும் ரசிகர்களும் கொதித்தெழுந்தார்கள். போட்டி திருவனந்தபுரத்துக்கு மாறியது. இந்தியாவில் மற்ற விளையாட்டுகளைவிடக் கிரிக்கெட்டின் கை எப்போதும் ஓங்கியிருக்கிறது. உலகிலேயே பணக்கார கிரிக்கெட் வாரியம் நம்முடையது. அந்த விளையாட்டுக்கு அரசு நிலத்தைத் தருவதென்றால், பதிலுக்குக் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை

எல்லாக் கேள்விகளும் கடைசியில் வந்து சேருவது ஒரே இடத்தில். ஆட்டம் இல்லாத முந்நூற்றுச் சொச்சம் நாட்களில் அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும்?

நடுமைதானத்தை எல்லோருக்கும் திறந்துவிட முடியாது. பிட்ச்சைப் பாதுகாப்பது தனித் தொழில், அதை மதிக்க வேண்டும். ஆனால் அரங்கம் என்பது நடுமைதானம் மட்டும் அல்ல. வலைப் பயிற்சிக் களங்கள், உடற்பயிற்சிக் கூடம், சுற்றிலும் ஓடுபாதை, பக்கத்தில் ஒரு சிறிய மைதானம் ஆகியவற்றை ஊருக்குத் திறந்து வைக்கத் தடை எதுவும் இல்லை. 2012 ஒலிம்பிக் அரங்கத்தை லண்டன் பின்னாளில் ஒரு கால்பந்து கிளப்புக்கு வாடகைக்கு விட்டது. அதில் மக்கள் பணம் நிறையக் கரைந்தது என்ற குறை அங்கே இன்றும் உண்டு. ஆனால் அரங்கத்தை ஒட்டியே உள்ளூர்த் தடகளக் குழுக்கள் ஓட ஒரு பொதுத் தடத்தையும் வைத்தார்கள். அந்த ஊரிடமிருந்து கற்க இரண்டு பாடங்களும் இருக்கின்றன.

ஆகவே, முதல் கல் வைப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். ஒன்று, அரங்கத்தை யார் நடத்தினாலும், கோவையின் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வசதி இத்தனை நாள், இத்தனை மணி நேரம் கட்டணமின்றி உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரமும், பெண் பயிற்சியாளர்களும், ஒழுங்கான கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் அதில் சேர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பெரிய ஆட்டத்திலும் ஒரு பகுதி இருக்கைகள் எளிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். மூன்று, அரங்கத்தின் வருமானத்தில் ஒரு பங்கு நேரு ஸ்டேடியத்துக்கும் வார்டு மைதானங்களுக்கும் போக வேண்டும். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற அரசின் திட்டத்துக்கும் அதுவே உரம். நான்கு, நிலம், நீர், போக்குவரத்து, நிர்வாகம் பற்றிய எல்லாத் தாள்களும் ஒண்டிப்புதூர் மக்கள் முன் தமிழில் வைக்கப்பட வேண்டும். சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் அவர்கள் வாசலுக்குத்தான் வரப்போகின்றன. முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

இவற்றில் எதுவும் அரங்கத்தின் செலவைப் பெரிதாகக் கூட்டாது. கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது. ரிப்பன் வெட்டும் நாளில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி வருஷங்கள் ஆகியிருக்கும். நிலம் இன்னும் வெறும் நிலமாக, திட்டம் இன்னும் காகிதமாக இருக்கும்வரைதான் ஊரின் பேச்சுக்கு வலு உண்டு.

தேர்தல் வரும், ஆட்சிகள் வரும், அறிவிப்புகள் இன்னும் வரும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் கோவை மக்கள் ஸ்டேடியம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. எங்கள் பிள்ளைகள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக உள்ளே வருவார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்கு நேரான பதில் சொல்லி, அதை எழுத்திலும் தருகிறவர்களின் அரங்கத்தை இந்த ஊர் இரு கை நீட்டி வரவேற்கும். பதில் சொல்லாதவர்களிடம், பதில் வரும்வரை ஊர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.